‘இன்னும் சாப்பிடல’: சொல்லில்லாத ஒரு கொக்கு-தவளைப் படக்கதையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

4 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக, ஏறக்குறையச் சொல்லே இல்லாத ஒரு காமிக்ஸ் புத்தகம் தயாரித்தோம். அதன் முதல் டம்மி, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்யும் மாதிரிப் புத்தகம், குழந்தைகளிடம் படுதோல்வி அடைந்தது. ஏன் தோற்றது, எதை மாற்றினோம், மாற்றிய பிறகும் எது சரியாகவில்லை என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

வேலையில் நாலு பேர். கதையும் படமும் ஓர் ஓவியருடையவை. பாடநூலுக்கும் சிறுவர் இதழுக்கும் பல வருடம் வரைந்த கை. பதிப்பாசிரியர் நான். குழந்தைகளோடு உட்கார்ந்து படித்துப் பார்த்தவர் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. பணம் போட்டவர் பதிப்பக நிர்வாகி.

கதை எளிது. ஒரு குளம். பகலில் கொக்கு மீன் பிடிக்கிறது, இரவில் தவளை கத்துகிறது. ஓர் இரவு காட்டுப்பூனை ஒன்று பதுங்கி வருகிறது. தவளை சட்டென்று கத்தலை நிறுத்த, கொக்கு விழித்துத் தப்பிக்கிறது. பிறகு வெயில் ஏறி, குளம் வற்றுகிறது. மற்றப் பறவைகள் போய்விடுகின்றன. கடைசியாக மிஞ்சிய சேற்றுக் குட்டையில் கொக்கு சிறகை விரித்துத் தவளைக்கு நிழல் தருகிறது. மழை வருகிறது. அவ்வளவுதான்.

ஓவியரை இந்தக் கதைக்குள் இழுத்தது ஓர் உயிரியல் செய்தி. தவளை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தோல் காய்ந்தால் உயிர் நிற்காது. ஆகவே அதற்கு நிழல் கொடுப்பதும் தண்ணீர் கொடுப்பதும் ஒன்றுதான். அந்த நிழலைத் தருவது அதைத் தின்னும் பறவையாகவே இருந்தால் என்ன என்பதிலிருந்து மற்றதெல்லாம் வந்தது.

சேராத இரண்டு சேர்வது பழைய சரக்குதான். பஞ்சதந்திரத்தில் காகம், எலி, ஆமை, மான் நான்கும் கூட்டாளிகள். ஆனால் அங்கே எலி எடுத்த எடுப்பிலேயே காகத்தை நம்பிவிடுவதில்லை. தின்கிறவனுக்கும் தின்னப்படுகிறவனுக்கும் நடுவே நட்பு எப்படி வரும் என்று வளைக்குள் இருந்தபடியே வாதாடுகிறது. காகம் நெடுநேரம் பேசித்தான் அதை வெளியே வரவைக்கிறது. அந்தப் பேச்சு முழுக்கச் சொல்லால் ஆனது. எங்கள் கொக்குக்குப் பேச வழியில்லை. இந்த வித்தியாசத்தின் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

32 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு. தலைப்புக்கும் விவரத்துக்கும் போக, கதைக்கு 28 பக்கம். புத்தகம் முழுவதிலும் எழுத்து என்று இருந்தது ஒன்றே ஒன்று: தவளையின் ‘கொர்ர்’.

முதல் டம்மி

பென்சிலில் வரைந்து, மடித்து, நூலால் தைத்த டம்மியை ஓவியர் கொண்டுவந்த அன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குறிப்பாக 22, 23 ஆகிய இரட்டைப் பக்கம். வெடித்த சேறு, நடுவே உள்ளங்கை அளவு ஈரம், அதில் தவளை. இரண்டு பக்கத்தையும் நிறைத்து மேலே கவிந்திருக்கும் சாம்பல் நிறச் சிறகு. அந்தப் பக்கத்தின் நகலை என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஒட்டாமல் இருந்திருக்கலாம். நாள் முழுக்கப் பார்க்கும் படத்தில் இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது.

நிர்வாகிக்கு ஒரு கவலை. “படம் அழகா இருக்கு. ஆனா பக்கத்துக்கு ஒரு வரியாவது வேணும் சார். சொல்லே இல்லாத புத்தகத்தை அப்பா அம்மா எதுக்கு வாங்கணும்?” என்றார். நியாயமான கேள்வி. ஜெர்ரி பிங்க்னியின் சிங்கமும் எலியும் வரும் படப்புத்தகத்தை நான் எடுத்துக் காட்டினேன். ஈசாப் கதை, விலங்குகளின் ஒலிகளைத் தவிர அதில் சொல் கிடையாது, 2010-இல் சிறுவர் படப்புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் பெற்றது. அவர் அரை மனதாகத் தலையாட்டினார். குழந்தைகளிடம் காட்டிவிட்டு முடிவெடுப்போம் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

அவர் ஒத்துக்கொள்வார், நாமும் நினைத்ததை நிரூபித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் நானும் ஓவியரும் போனோம். சோதனைக்குப் போகிற மனநிலை அது அல்ல.

படித்துப் பார்த்த முறை

11 குழந்தைகள், ஒவ்வொருவராக. முதலில் புத்தகத்தைத் தாங்களே புரட்டிப் பார்க்க வேண்டும். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஆசிரியைக்குக் கதை சொல்ல வேண்டும். ஆசிரியை சொல்லக்கூடியவை இரண்டே: “இங்கே என்ன நடக்குது?”, “அப்புறம்?” ‘நண்பன்’, ‘பாவம்’, ‘பயம்’ போன்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வரக்கூடாது, வந்தால் குழந்தை அதையே பிடித்துக்கொள்ளும்.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட, தொலைந்த தவளையைத் தேடிப்போகும் சிறுவனின் சொல்லில்லாப் படக்கதையைக் கையில் கொடுத்து, பல மொழிக் குழந்தைகளைக் கதை சொல்லவைத்து மொழியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் தொகுத்த பெரிய நூல் 1994-இல் வந்தது. அவர்களுக்குக் குழந்தையின் மொழி தெரிய வேண்டியிருந்தது. எங்களுக்குப் படத்தின் ஓட்டை தெரிய வேண்டியிருந்தது. கருவி ஒன்றுதான்.

நான் மூலையில் உட்கார்ந்து விரல்களைக் குறித்துக்கொண்டேன். எந்தக் கட்டத்தில் (பக்கத்தைப் பிரித்துப் போட்ட படங்களில் ஒன்று) விரல் நிற்கிறது, எங்கே பின்னால் புரட்டுகிறார்கள், எந்தப் பக்கத்தை இரண்டு தாளாகச் சேர்த்துத் தாண்டுகிறார்கள் என்பதுதான் என் குறிப்பு. ஓவியர் அடுத்த அறையில் இருந்தார். வரைந்தவர் முகத்தைப் பார்த்தால் குழந்தைகள் நல்லதாகவே சொல்லுவார்கள் என்று ஆசிரியை அவரை உள்ளே விடவில்லை.

கண்டது

இரண்டாவதாக வந்தவள் 6 வயதுச் சிறுமி. நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சிறகு விரித்த இரட்டைப் பக்கம் வந்ததும் குனிந்து அலகின் நுனியை விரலால் தொட்டாள். அங்கிருந்து தவளை வரை ஒரு கோடு இழுத்தாள்.

“இங்கே என்ன நடக்குது?”

“மிஸ், இன்னும் சாப்பிடல. அப்புறமாச் சாப்பிடும்.”

11 பேரில் 8 பேர் ஏதோ ஒரு விதத்தில் இதையே சொன்னார்கள். ஒருவனுக்குக் கொக்கு தவளை ஓடிப்போகாமல் மூடி வைத்திருக்கிறது. இன்னொருத்திக்குத் தவளை காய்வதற்காக அது காத்திருக்கிறது. 8 வயதுப் பையன் ஒருவன் சான்றோடு வந்தான்: சிறகைக் குடை மாதிரி விரித்து நிற்கும் கறுப்புக் கொக்கு ஒன்று உண்டு, நிழலென்று மீன் உள்ளே வரும், டப்பென்று கொத்திவிடும், வீடியோவில் பார்த்தேன் என்றான். அவன் சொன்னது முழு உண்மை. ஆப்பிரிக்காவில் வாழும் அந்தப் பறவை வேட்டைக்காகத்தான் குடை பிடிக்கிறது. புத்தகத்தின் உச்சமென்று நாங்கள் நினைத்த படம், பறவைகளை அறிந்த கண்ணுக்கு ஒரு கண்ணி.

அசையாமை அடுத்த சிக்கல். 9 முதல் 13 வரையுள்ள பக்கங்களில் பல கட்டங்களில் கொக்கு ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும். பொறுமை, அமைதி, சாது என்ற பொருளில் ஓவியர் வரைந்தது. கொக்கு அசையாமல் நிற்பது எதற்கு? ‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி யிருக்குமாம் கொக்கு’ என்று பள்ளியில் ஒப்பித்தவர்கள்தாம் நாங்கள் இருவரும். ஔவை ஒரு வரியில் சொன்னதை மறந்துவிட்டு 5 பக்கம் வரைந்திருக்கிறோம். பிறகு எண்ணிப் பார்த்தோம்: கொக்கும் தவளையும் சேர்ந்து வரும் 34 கட்டங்களில் 27-இல் அலகின் நுனி நேராகத் தவளையை நோக்கியே இருந்தது. அலகு ஓர் அம்பு. அது எங்கே நீள்கிறதோ அங்கேதான் வாசகரின் கண்ணும் போகும்.

“மத்த பறவையெல்லாம் போயிருச்சுல்ல, இது மட்டும் ஏன் போகல?” என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியை தன் விதிப்படி “அப்புறம்?” என்றார். அவனே பதிலும் சொன்னான்: “தவளை இருக்குல்ல, அதான்.” நட்பைச் சொல்கிறான் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம். அவன் சாப்பாட்டைச் சொன்னான்.

15-ஆம் பக்கத்தில் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள், வலப்புறம் பக்கம் முழுக்க உயரமாக ஒரு கட்டம். இடப்புறம் மேலிருந்து கீழே வந்து, பிறகு வலப்புறம் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பாதிப் பேர் மேல் கட்டத்திலிருந்து நேரே வலப்புறம் தாவினார்கள். அவர்கள் கதையில் தவளை புறப்படும் முன்பே திரும்பி வந்துவிட்டது. எழுத்து இருந்திருந்தால் வாக்கியம் முடியாததே அவர்களைத் திருப்பி இழுத்திருக்கும். படத்தில் அந்தக் கயிறு கிடையாது.

எனக்கு அதிகம் வலித்தது ‘கொர்ர்’. தவளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்கையில் ஏதாவது நெருங்கினால் சட்டென்று அடங்கிவிடும். இரவில் குளக்கரைக்கு நடந்து போன எவருக்கும் இது தெரியும். 17-ஆம் பக்கம் அந்த மௌனத்தின்மீதுதான் நிற்கிறது. ஆனால் 11 பேரில் ஒருவர்கூட ஒலி நின்றதைக் கவனிக்கவில்லை. டம்மியைத் திரும்பப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஓவியர் அந்தச் சொல்லை ஆசை ஆசையாக வரைந்திருந்தார்: ஒரு கட்டத்தில் பெரிதாக, இன்னொன்றில் புல்லுக்குள் வளைந்து, வேறொன்றில் நீரலை மாதிரி. அலங்காரம் ஒரு பக்கத்தில் இல்லாமல் போனால் யாரும் தேடுவதில்லை.

4 வயதுக் குழந்தைகள் இருவரும் பூனைப் பக்கத்தை வேறு மாதிரிப் படித்தார்கள். பூனை வருவது வாசகருக்குத் தெரிகிறது, தூங்கும் கொக்குக்குத் தெரியாது. இந்தப் பிளவை மனதில் பிடித்துக்கொண்டால்தான் பக்கம் வேலை செய்யும். அவர்களோ, கொக்குக்கும் பூனை தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற புரிதல் ஏறக்குறைய 4, 5 வயதில்தான் உறுதிப்படுகிறது என்பது உளவியலாளர்கள் விம்மரும் பெர்னரும் 1983-இல் செய்த சோதனையிலிருந்து அறியப்பட்ட விஷயம். படித்திருந்தேன். பக்கம் போடும்போது நினைவுக்கு வரவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒலிப்பதிவை ஓவியருக்குப் போட்டுக் காட்டினோம். முழுக்கக் கேட்டார். டம்மியை உறைக்குள் வைத்தபடியே சொன்னார்: “புள்ளைங்க தப்பாப் படிக்கல சார். நான்தான் கொக்கு வரையாம, கொக்கு வேஷம் போட்ட யாரோ நல்ல மனுஷன வரைஞ்சிருக்கேன்.”

சொல் சேர்த்துப் பார்த்தது

நிர்வாகியின் யோசனையை இனி தள்ள முடியாது. மூன்று பக்கங்களில் ஒவ்வொரு வரி ஒட்டினோம். சிறகுப் பக்கத்தில் ‘கொக்கு தவளையின் நண்பன்’. எழுத்துக் கூட்டத் தெரிந்த வேறு 4 குழந்தைகளிடம் காட்டினோம். 7 வயதுப் பையன் ஒருவன் அந்த வரியைச் சத்தமாக வாசித்தான், கொக்கைப் பார்த்தான், பிறகு ஆசிரியையிடம், “பொய் சொல்லுது” என்றான்.

அந்த வரியைக் கதைசொல்லியின் குரலாக அவன் எடுத்துக்கொள்ளவே இல்லை. கொக்கு சொல்லும் பொய்யாக வாசித்துவிட்டான். சொல் ஒன்றும் படம் ஒன்றும் சொன்னால் குழந்தை படத்தை நம்பும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கொக்கின் தலைக்கு மேல் சின்னதாக ஓர் இதயம் போடலாமா என்றும் நிர்வாகி கேட்டார். ஓவியர் மறுத்தார். இதயமும் ஒரு சொல்தான், வரைந்த சொல், அவ்வளவே. இந்த முறை நிர்வாகியும் விட்டுவிட்டார். அந்தப் பையனின் குரலை அவரும் கேட்டிருந்தார்.

மாற்றங்களும் காரணங்களும்

முதல் முடிவு: கதையை எலும்புக்கூடாக உரித்துப் பார்ப்பது. உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மெலும் 1944-இல் ஒரு சின்ன அசைவுப்படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், ஒரு செவ்வகம் மட்டும். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அதில் துரத்துகிறவனையும் பயப்படுகிறவனையும் கண்டார்கள். முகமே இல்லாமல், தூரமும் அசைவும் மட்டுமே அதைச் செய்துவிட்டன. அதை வைத்து ஓவியர் 28 பக்கத்தையும் கொக்குக்கு ஒரு குச்சி, தவளைக்கு ஒரு பொட்டு என்று மாற்றி ஒரே தாளில் சிறிது சிறிதாக வரைந்தார். பார்த்தவுடன் விடை கிடைத்தது. குச்சி பக்கத்துக்குப் பக்கம் பொட்டை நெருங்கிக்கொண்டே போகிறது. ஒரு தடவைகூட விலகவில்லை. இதை ‘நட்பு வளர்கிறது’ என்று நாங்கள் படித்தோம். குழந்தைகள் வேட்டையாகப் படித்தார்கள். குச்சியையும் பொட்டையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் படிப்புதான் சரி.

ஆகவே விலகல் வேண்டும். நெருங்கிவிட்டு, எடுக்க வாய்ப்பிருந்தும், தானாகவே தள்ளிப்போக வேண்டும். ஆனால் ஏன் தள்ளிப்போகும்?

இங்கே ஆசிரியை ஒரு விஷயம் சொன்னார். குளம் வற்றும்போது கொக்குக்குப் பஞ்சம் என்று நாங்கள் வரைந்திருந்தோம். உண்மையில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் சின்னக் குட்டைகளில் நெருக்கியடிக்கும். நீர்ப்பறவைகளுக்கு அது விருந்துக் காலம். கடைசிக் குட்டையும் காயும்போதுதான் பசி வரும். இது எங்கள் கதையை நேர் செய்துவிட்டது. பசியில்லாததால் தின்னாமல் விடுவது ஒன்று. பசித்தும் தின்னாமல் விடுவது முற்றிலும் வேறு. முதல் டம்மியில் இரண்டுக்கும் வேறுபாடே காட்டாமல் நேராகச் சிறகுக்குத் தாவியிருந்தோம்.

புதிய வரிசை இப்படி அமைந்தது. 8-ஆம் பக்கத்தில் கொக்கின் தொண்டையில் மீன் இறங்கும் புடைப்பு தெரிகிறது. தவளை காலடியில் உட்கார்ந்திருக்கிறது, கொக்கு சட்டை செய்யவில்லை. தவளைக்கு அது ஒரு தற்செயல். 17-இல் மௌனம், பூனை, தப்பித்தல்; இங்கே தவளைக்கும் கொக்கை எழுப்பும் நோக்கம் எதுவும் இல்லை, அதுவும் தற்செயல்தான். 20, 21-இல் மீன் இல்லை. கொக்கின் மார்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. தவளை அலகுக்கு ஒரு சாண் தூரத்தில். அலகு திறக்கிறது. அடுத்த கட்டம் காலி, சேறு மட்டும். அதற்கடுத்த கட்டத்தில் கொக்கு தவளைக்கு முதுகு காட்டி, வெகு தூரத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. குச்சி விலகிவிட்டது. பிறகுதான், 22-இல், அது திரும்பி வருகிறது.

பஞ்சதந்திர எலி கேட்ட கேள்விக்குப் படத்தில் பதில் சொல்ல எங்களுக்கு 14 பக்கம் பிடித்தது.

அந்தக் காலிக் கட்டம்பற்றிக் கொஞ்சம் விவாதம் நடந்தது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் வாசகர்தான் மீதிக் காட்சியை இட்டு நிரப்புகிறார் என்பதைக் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்லவுட் 1993-இல் விரித்து எழுதியிருக்கிறார். அதே இடைவெளியில் குழந்தை ‘தின்றுவிட்டது’ என்றும் நிரப்பிக்கொள்ளலாம். அதனால் காலிக் கட்டத்தின் ஓரத்தில் தவளையின் ஒரு கால் தெரியட்டும் என்று நான் சொன்னேன். ஒரு மூச்சு நேரம் பயம் இருக்கட்டும், அடுத்த கட்டத்திலேயே தவளை உயிரோடு இருக்கிறதே என்றார் ஓவியர். அவர் சொன்னபடியே விட்டோம்.

கொக்கு போகாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டியிருந்தது. மரத்தில் கூடும், பறக்கத் தெரியாத குஞ்சுகளும் வைத்தோம். பூனை குறிவைப்பதும் இப்போது கூட்டைத்தான். இதனால் ஒரு புதுக் கேள்வி வரும் என்று தெரிந்தே செய்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொக்குக்குப் புருவம் இல்லை, அலகு சிரிக்காது. தவளைக்கோ எப்போதும் சிரித்த வாய். ஆகவே முகத்தை நம்பாமல் கழுத்தை நம்பினோம். மடங்கிய கழுத்து, தயாராக இருக்கும் கழுத்து. கொத்துவதற்கு முன்னால் கொக்கு அப்படித்தான் மடக்கும். 21-க்குப் பிறகு வரும் எல்லாக் கட்டங்களிலும் கழுத்தைத் தளர்த்தி, அலகைத் தவளைக்கு அப்பால் திருப்பினோம். சிறகுப் பக்கத்தில் கொக்கு இப்போது வானத்தைப் பார்க்கிறது.

‘கொர்ர்’ விஷயத்தில் ஓவியர் தன் ஆசையைத் தியாகம் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 3-ஆம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இரவுக் கட்டத்திலும் அதே இடம், அதே அளவு, அதே எழுத்து: வலது கீழ் மூலை. கொஞ்சம் சலிப்பாகவே இருக்கும். அந்தச் சலிப்பு வேண்டும். பழகிப்போன மூலையில் 17-ஆம் பக்கம் வெறும் கருநீலம் இருந்தால் கண் அங்கே தட்டுப்படும். சொல் குறைந்த புத்தகத்தில் இருக்கும் ஒரே சொல்லை எடுத்துவிடுவதுதான் நிகழ்ச்சி.

15-ஆம் பக்கத்தை மூன்று அகலக் கட்டங்களாகக் கிடத்திவிட்டோம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது முறை

புதிய குழந்தைகள் 14 பேர். பழையவர்களில் 3 பேர். அதே விதிகள்.

6 வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் 20, 21-இல் நின்றார்கள். இரண்டு பேர் அலகு திறந்த கட்டத்தைப் பார்த்ததும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஒருத்தி காலிக் கட்டத்தில் விரலை வைத்து, “இங்க யோசிக்குது” என்றாள். நாங்கள் அந்த வார்த்தைக்குக் காசு கொடுத்திருப்போம். மௌனத்தை 9 பேர் தாங்களாகவே சொன்னார்கள். ஒரு பையன் 16-ஐயும் 17-ஐயும் நான்கு தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு காணோம்” என்று மூலையைக் காட்டினான்.

4 வயதினர் பூனைப் பக்கத்தில் இப்போதும் தடுமாறினார்கள். கொக்கின் மூடிய கண்ணைத் தனிக் கட்டமாகப் பெரிதாக்கியதில் ஒருவருக்கு உதவியது, மற்றவருக்கு உதவவில்லை. இதற்குமேல் அதைத் திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். திருத்தினால் 7 வயதுக்காரருக்குப் பக்கம் சப்பென்று ஆகிவிடும். 4 வயதுக்காரர் எப்படியும் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்துதான் படிக்கப்போகிறார்.

எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. “அப்போ குஞ்சுக்கு யார் சாப்பாடு குடுப்பா?” தவளையைக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டுவதுதான் கொக்கின் கடமை என்று ஒரு பெண் உறுதியாக வாதாடினாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. 21-இல் கிளறிய சேற்றில் கொக்குக்கு ஒரு புழு கிடைப்பதாக வரைந்தோம். அது ஒரு சமாளிப்புதான். ஒரு புழுவில் எத்தனை குஞ்சு வளரும்?

முதல் தடவை வந்த 6 வயதுச் சிறுமியும் இருந்தாள். கடைசிப் பக்கம் வரை அமைதியாகப் பார்த்தாள். “இப்போ சாப்பிடாது. மழை பெஞ்சிருச்சு, மீன் வரும்” என்றாள். அவளைப் பொறுத்தவரை கொக்கு இன்னும் நம்பத்தக்கதல்ல. வேறு சாப்பாடு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்காகக் கதையை மாற்றவில்லை. அப்படியும் படிக்க இடமிருப்பது நல்லது என்று ஓவியர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன்.

அச்சான பிறகு

புத்தகம் சொல்லில்லாமலே வந்தது. பின்னட்டையில் மட்டும் ஒரு வரி அறிமுகம்.

பெற்றோரிடமிருந்து வந்த குறை ஒன்றே, பல வாய்களில்: 5 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, இதில் நான் என்ன வாசிப்பது? நிர்வாகி முதலில் பயந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். குழந்தைகள் திணறவில்லை. எழுத்துக்குப் பழகிய பெரியவர்கள்தான் பக்கத்துக்கு மூன்று நொடி பார்த்துவிட்டுத் திருப்பினார்கள். கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லி, பெரியவர் கேட்பவராகவும் குழந்தை சொல்பவராகவும் மாறும் வாசிப்பு மொழி வளர்ச்சிக்கு உதவுகிறது என்று 1988-இலேயே வைட்ஹர்ஸ்ட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அதைப் பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கலாம். புத்தகம் தானே பேச வேண்டும் என்ற பிடிவாதத்தில் நான்தான் அந்தப் பக்கத்தை வேண்டாமென்றேன்.

ஆசிரியை சொன்ன ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். அவர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு வகுப்பின் மொழி தெரியாது. சில வாரங்கள் வாயே திறக்கவில்லை. இந்தப் புத்தகத்தை நான்கைந்து நாள் தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, தானே கதை சொல்ல எழுந்தான். ஒவ்வொரு இரவுப் பக்கத்துக்கும் தொண்டையிலிருந்து ‘கொர்ர்’. 17-ஆம் பக்கம் வந்ததும் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். வகுப்பு கப்சிப். இத்தாலியின் லாம்பெடூசா தீவில் வந்திறங்கும் அகதிக் குழந்தைகளுக்காக, உலகச் சிறுவர் நூல் அமைப்பான ஐபிபிஒய் 2012-இல் சொல்லில்லாப் புத்தகங்களைத் திரட்டத் தொடங்கியதன் காரணம் எனக்கு ஏட்டளவில் தெரியும். அந்தப் பையன் வாயைப் பொத்தியதைக் கேட்ட பிறகு வேறு விதமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பையன் பேசியதைப் புத்தகத்தின் சாதனை என்று எழுத எனக்குத் துணிவில்லை. அவன் பேசத் தயாரான நேரத்தில் புத்தகம் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

சொல் இல்லையென்றால் எல்லா மொழிக்கும் செல்லும் என்று நிர்வாகி இப்போது உற்சாகமாக இருக்கிறார். அவ்வளவு எளிதல்ல. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் கட்டங்களையும் அந்தத் திசையிலேயே படிப்பார்கள். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடலாம். ‘கொர்ர்’ இருக்கும் மூலையும் கூடவே இடப்பக்கம் போகும், எழுத்தை மட்டும் புதிதாக வரைய வேண்டும். தவளை எல்லா மொழியிலும் ‘கொர்ர்’ என்றும் கத்துவதில்லை.

மாற்றுவதாக இருந்தால்

குச்சியும் பொட்டும் முதலில் வரும். ஓவியர் 28 பக்கம் பென்சிலில் முடித்த பிறகு எலும்பைப் பார்த்தது எங்கள் நேரத்தையும் அவர் மனசையும் சேர்த்துச் செலவழித்தது. அடுத்த புத்தகத்துக்கு, கட்டை விரல் அளவுப் படங்களோடேயே குழந்தைகளிடம் போகிறோம்.

தின்னும் விலங்கையும் இரையையும் சேர்க்கும்போது, ‘ஏன் இன்னும் தின்னவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவைப்பேன். இரண்டும் ஒன்றையொன்று தின்னாத விலங்குகள் என்றால் இந்தச் சுமை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கென்யாவில் அநாதையான நீர்யானைக் குட்டியொன்று நூறு வயது தாண்டிய ஆமையோடு ஒட்டிக்கொண்டதை உலகமே ரசித்தது. அங்கே யாரும் அடுத்த பக்கத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கான ஒரு பக்கம் மறுபதிப்பில் சேர்கிறது. 21-இல் இருக்கும் புழுவை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குஞ்சுகளின் பசிக்கு அது பதிலாகவும் இல்லை, கொக்கின் பசியை வீணாகக் குறைத்தும் காட்டுகிறது. ஓவியர் சம்மதிக்கவில்லை. புழுவை எடுத்தால் குஞ்சுகளையும் எடுக்க வேண்டும், குஞ்சுகளை எடுத்தால் கொக்கு பறந்துவிடும் என்கிறார்.